அறுபதின் சத்தம்

கஜா புயல் எங்கள் தோப்பைச் சாய்த்துப் போட்ட பிறகு பேராவூரணிப் பக்கத்தில் எல்லோரும் திரும்பவும் தென்னங்கன்று நட்டார்கள். நான் நடவில்லை. விழுந்த மரங்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தூர்களைப் பெயர்த்து, குழிகளை மூடி, ரோலர் விட்டுப் புல் வளர்த்தேன். மேற்கிலிருந்து கிழக்காக ஒரே நீளமாகப் புல்தரை. அதன் மேற்குக் கோடியில் தகரக் கொட்டகை போட்டு, உள்ளே ஒரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"தென்ன போன எடத்துல ஏரோப்ளேன நட்டு வச்சிருக்கான், எப்ப காய்க்குதுன்னு பாப்போம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். கன்று வைத்தவர்களில் பாதிப் பேருக்கு அதைக் காண்டாமிருக வண்டு தின்றுவிட்டது. என் விமானத்தை எந்த வண்டும் தின்னவில்லை. மஸ்கட் விமான நிலையத்தில் இளமை முழுவதையும் கிரீஸும் ஸ்பேனருமாகக் கழித்தவன் நான். மற்றவன் ஓட்டுவதற்காகவே ரிப்பேர் பார்த்தவனுக்கு, ஒன்றையாவது தானே ஓட்டிப் பார்க்க ஆசை இருக்காதா? அங்கேயே விடுமுறை நாட்களில் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கினேன். ஊருக்கு வந்து, மூடிப்போன ஒரு பயிற்சிக் கழகத்திலிருந்து இந்த இரண்டு இருக்கை வண்டியை வாங்கினேன். இந்தப் புல்தரைக்கு அனுமதி வாங்க நான் அலைந்த அலைச்சலைச் சொல்ல ஆரம்பித்தால் கதை இங்கேயே நின்றுவிடும்.

விமானத்தை ஏற்றுவது பெரிய காரியமில்லை. இறக்குவதுதான் காரியம். இறக்குவதிலும் மற்றதெல்லாம் சில்லறை, வேகம்தான் முதல். என் வண்டிக்கு அது அறுபது நாட், அதாவது மணிக்குச் சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர். கடைசியாகத் திரும்பி ஓடுபாதையைப் பார்த்துச் சரிந்து வரும்போது முள் அறுபதில் நிற்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் இறக்கை காற்றைக் கைவிட்டுவிடும், வண்டி கல்லாக விழும். கூடினால் தரை வந்த பிறகும் உட்கார மாட்டேன் என்று மிதந்துகொண்டே போகும். எங்கள் புல்தரையின் கிழக்குக் கோடியில் ஒரு பாசன வாய்க்கால். கடைமடை என்பதால் பாதி வருஷம் அதில் தண்ணீர் இருக்காது. சிமெண்டுக் கரை மட்டும் வருஷம் முழுக்க இருக்கும்.

வானதி என் மனைவி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து நெல்லுக்காரர் வீட்டுப் பெண். முதல் தடவை விமானத்தில் ஏறியபோது புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணை மூடியவள், இறங்கிக் கொட்டகைக்கு வந்த பிறகுதான் திறந்தாள். இரண்டாம் தடவை அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்.

"சும்மா உக்காந்தா பயமாத்தான் இருக்கும். இந்தா, இந்த மீட்டரப் பாத்து வேகம் என்னன்னு சத்தமாச் சொல்லிட்டே வா."

அன்றிலிருந்து அவள் சொல்லுவாள். "எழுவது... அறுவத்தஞ்சு... அறுவது... அறுவது..." என்று, கோயிலில் போற்றி சொல்வதுபோல ஒரே ராகத்தில். எனக்கு அது வேண்டியதே இல்லை, என் கண் முன்னால்தான் மீட்டர் இருந்தது. ஆனாலும் அவள் குரல் இல்லாமல் இறங்கினால் ஏதோ உப்பில்லாத மாதிரி இருக்கும்.

பிறகு எனக்குக் கண் போனது.

முழுதாகப் போகவில்லை. சர்க்கரை நோய் பார்வையின் நடுவை மட்டும் தின்றது. எதை நேராகப் பார்க்கிறேனோ அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் அழுக்குத் திட்டு உட்கார்ந்துகொள்ளும். ஓரங்கள் மட்டும் தெரியும். வானதியைப் பார்த்தால் தலைமுடி தெரியும், தோள் தெரியும், முகம் இருக்காது. அவள் முகம் வேண்டுமென்றால் பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். பேப்பர், போன், பஸ் போர்டு எதுவும் கிடையாது. தெருவில் வணக்கம் வைப்பவன் யாரென்று குரல் வரும்வரை தெரியாது. இது இன்னும் பரவும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் மேலே போனால் நான் குருடன் இல்லை. இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. தரையில் எல்லாமே சின்னது, கிட்டத்தில் இருப்பது, அந்தத் திட்டுக்குள் அடங்கிவிடுவது. ஆயிரம் அடிக்கு மேலே எல்லாமே பெரிசு. வடக்கே வயல்கள், கிழக்கே அதிராம்பட்டினத்துக்கு அப்பால் கடலின் கோடு, நடுவில் கோணல்மாணலாக வாய்க்கால்கள். ஒரு சின்ன அழுக்கு அத்தனையையும் எப்படி மறைக்கும்? ஓடுபாதையைப் பார்க்க அதன் வேலியைப் பார்த்தால் போதும், பாதை தானாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வானதிகூட ஓரக்கண்ணில் நன்றாகத் தெரிவாள். என் பெண்டாட்டியை நான் பார்த்ததெல்லாம் அப்போது அங்கேதான்.

மீட்டர் மட்டும் தெரியாது. முள்ளும் எண்ணும் அந்தத் திட்டுக்குள் போய்விட்டன. அதற்குத்தான் வானதி இருந்தாளே. "அறுவது... அறுவது..." என்பாள். நான் இறக்குவேன். எங்கள் இருவருக்கும் நான்கு கை, இரண்டு கண், அது போதும் என்று நினைத்தேன். தப்பு என்று தெரியும். தெரிந்தும் செய்தேன்.

என் மருத்துவச் சான்று இன்னும் செல்லும். அதை வாங்கும்போது கண் ஒழுங்காக இருந்தது. அடுத்த மருத்துவச் சோதனைக்கு ஒரு வருஷத்துக்குமேல் இருந்தது. நடுவில் ஒரே ஒரு கண்டம்: உரிமம் தொடர வேண்டுமென்றால் ஒரு சோதகர் வந்து, வலது இருக்கையில் உட்கார்ந்து, நான் ஓட்டுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாசி மாதம் வருவதாகத் தகவல் வந்தது. அதில் தேறிவிட்டால் இன்னும் ஒரு வருஷம் மேலே போகலாம். ஒரு வருஷத்தில் ஓரமும் போய்விடும், அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம். நான் கேட்டது அவ்வளவுதான். எந்தச் சாமியிடம் கேட்டேனோ அது வேறு யார் பிரார்த்தனையிலோ மும்முரமாக இருந்திருக்க வேண்டும்.

வலது இருக்கையில் சோதகர் என்றால் வானதிக்கு இடமில்லை. வேகத்தை யார் சொல்வது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியுமே. வேகத்துக்கு ஒரு சத்தம் உண்டு. கதவின் இடுக்கில் காற்று விசிலடிக்கும், கண்ணாடியில் உரசும், வேகம் குறையக் குறைய அந்த விசில் இறங்கி இறங்கிப் பெருமூச்சாகும். கண் இருந்தவரை இதையெல்லாம் நான் கவனித்ததே இல்லை, மீட்டர் இருக்கும்போது எவன் காற்றைக் கேட்பான்? இப்போது கேட்டேன். வானதி "அறுவது" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்த விசிலின் உயரம், இருக்கை முதுகில் தள்ளும் தள்ளல், கைப்பிடியின் கனம் எல்லாவற்றையும் சேர்த்து மனதுக்குள் பதித்துக்கொண்டேன். ஐப்பசியில் ஆரம்பித்தேன். தை பிறப்பதற்குள் அவள் வாயைத் திறக்கும் முன்பே "இப்ப அறுபது" என்று எனக்குத் தெரிந்துவிடும், உடனே அவளும் "அறுவது" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கண்ணை இழந்து ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

வானதியிடம் இதைச் சொல்லவில்லை. சோதகரை ஏமாற்றப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? சோதனையன்று ஆச்சரியப்படட்டும் என்றும் ஒரு ஆசை.

ஒரே ஒரு குறை. வண்டி இறங்கி நிற்க முன்னைவிட நிறைய தூரம் ஓடியது. முன்பெல்லாம் புல்தரையின் பாதியிலேயே நின்றுவிடும். இப்போது வாய்க்கால் பக்கத்து வேப்பமரம்வரை போய்த்தான் நிற்கும். நான் மெக்கானிக் அல்லவா? பிரேக் கட்டையை மாற்றினேன். மாற்றிய கட்டையும் சீக்கிரமே தேய்ந்தது. டூப்ளிகேட் சரக்கு அனுப்பிவிட்டான் என்று கடைக்காரனைப் போனில் திட்டினேன். புல் ஈரம் என்றேன், காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்றேன். ஓடுபாதையில் ஆடு மாடு வராமல் பார்த்துக்கொள்ளும் ரெத்தினத்தைப் புல்லை ஒட்ட வெட்டவில்லை என்று ஏசினேன். பழி போட ஆளா இல்லை?

மாசியில் ஒரு காலை கேப்டன் அப்துல் அஜீஸ் வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர், சென்னையில் குடியிருப்பவர், என் வயதுதான் இருக்கும். முகம் எனக்குத் தெரியவில்லை, வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையும் தெரிந்தன. வானதி காபி கொடுத்தாள். "வாசல்லேர்ந்து பாத்தா கடல் மாதிரி இருக்குங்க உங்க புல்லு" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்த மனிதரை ஏமாற்றுவது கஷ்டம், இருந்தாலும் துணிந்துவிட்டேன்.

மேலே எல்லாம் நன்றாகத்தான் போனது. இடது பக்கம் திருப்பச் சொன்னார், திருப்பினேன். வலது பக்கம், திருப்பினேன். அடிவானம் ஓரத்தில் தெரிகிறது, அது சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அறுவடை முடிந்து வயல்களெல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. நடுநடுவே உளுந்து விதைத்த பச்சை. "நல்ல கை சார் உங்களுக்கு" என்றார் அஜீஸ். மனதுக்குள் ஒரு வருஷத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"சரி, போய் எறங்கலாம்" என்றார்.

கடைசித் திருப்பம் திரும்பினேன். த்ராட்டிலைக் குறைத்து எஞ்சினை அடக்கினேன். இறக்கையின் பின்மடிப்பான ஃபிளாப்பை இறக்கினேன். காதைத் தீட்டிக்கொண்டேன். விசில் இறங்கி வந்தது, வந்து, எனக்குத் தெரிந்த அந்த இடத்தில் நின்றது. அறுபது. பக்கத்தில் வானதி இருந்து சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்காது.

"ஸ்பீடு?" என்றார் அஜீஸ்.

"அறுபது கேப்டன்."

"பாத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

மீட்டர் இருக்கும் பக்கம் தலையைக் குனிந்தேன். சாம்பல் திட்டு. "அறுபதுதான் கேப்டன்" என்றேன்.

"அறுபத்தெட்டு."

சோதகர்கள் இப்படிச் செய்வதுண்டு. தப்பாக ஒன்றைச் சொல்லி, ஓட்டுகிறவன் அசைகிறானா என்று பார்ப்பார்கள். நான் அசைகிற ஆளா? என் காதில் அறுபது மணி மணியாகக் கேட்கிறது. மாதக்கணக்கில் பழகிய சத்தம். எனக்குக் கோபம்கூட வந்தது.

"இல்ல கேப்டன். நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து சாய்ஞ்சு பாக்குறீங்க. அதான் அப்படித் தெரியுது. இங்கேர்ந்து நேராப் பாத்தா அறுபது."

"சாய்ஞ்சு பாத்தா ஒண்ணு ரெண்டு தப்பும் சார். எட்டு தப்பாது."

வேலி கீழே போனது. ஓடுபாதை இரண்டு பக்கமும் விரிந்தது. மூக்கை மெல்லத் தூக்கினேன், இதோ உட்காரும் என்று காத்திருந்தேன். உட்காரவில்லை. மிதந்தது. மிதந்துகொண்டே போனது. பாதித் தூரத்துக்கு அடையாளமாக ரெத்தினம் நட்டிருந்த சிவப்புக் கொடி ஓரக்கண்ணில் ஓடி மறைந்தது. இன்னும் சக்கரம் தரையைத் தொடவில்லை.

"என் கையில விடுங்க" என்றார் அஜீஸ். குரலை உயர்த்தவே இல்லை. நான் கையை எடுத்தேன். எஞ்சின் முழு மூச்சாகக் கத்தியது, வேப்பமரம் சக்கரத்துக்குக் கீழே போனது, வாய்க்காலின் சிமெண்டுக் கரை வெள்ளைக் கோடாகத் தெரிந்து மறைந்தது. மறுபடி மேலே ஏறினோம்.

சுற்றி வந்து அவரே இறக்கினார். நான் மடியில் கைவைத்துக்கொண்டு வானதி உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தேன். த்ராட்டிலைக் குறைத்தார். விசில் இறங்கியது. என் அறுபதுக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. இன்னும் இறங்கியது, விசில் போய்ப் பெருமூச்சு வந்தது. மூக்கு நான் பழகியதைவிட நிமிர்ந்திருந்தது.

"விழப்போறோம் கேப்டன்!" என்று கத்திவிட்டேன்.

"இதான் சார் அறுபது" என்றார் அவர்.

அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. அவ்வளவு அமைதியாக இருந்தது. சக்கரம் தொட்டதுகூடத் தெரியவில்லை. சிவப்புக் கொடிக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. பிரேக் கட்டையில் ஒரு குறையும் இல்லை.

அவர் எஞ்சினை அணைத்தார். வண்டிக்குள் புல் வாசனை வந்தது.

"எத்தன நாளா சார்?"

"எது கேப்டன்?"

"கண்ணு."

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. சொல்லிவிட்டேன். மீட்டரைப் பார்த்து யார் சொல்வார்கள் என்று கேட்டார். என் மனைவி என்றேன். என்ன சொல்வார்கள் என்று கேட்டார்.

"அறுபதுன்னு சொல்லுவா" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார்" என்றார். "ஆனா நான் இத எழுதித்தான் ஆகணும். நீங்க இனிமே இதுல ஏறக்கூடாது. என்னைக் கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், அவ்வளவு மரியாதையாகச் செய்திருக்க மாட்டேன்.

கிளம்புகிறேன் என்றவரை வானதி விடவில்லை. சோதனை என்ன ஆனதென்று அவள் கேட்கவும் இல்லை. வண்டி இறங்காமல் மேலே ஏறியதைக் கொட்டகை வாசலிலிருந்து பார்த்தவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது? இலை போட்டாள். "போதும்மா, போதும்மா" என்று அஜீஸ் கையால் மறிக்க மறிக்க இன்னொரு கரண்டி சோறு விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வீட்டு வழக்கம் அது. அவள் அப்பா களத்தில் கூலி நெல் அளப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார், அப்புறம்தான் இரண்டு, மூன்று. அளந்து முடித்ததும் குனிந்து இரண்டு கையாலும் ஓர் அள்ளு அள்ளி மேலே போடுவார். அதற்குக் கணக்கில்லை, பேரில்லை. அதைப் போடாமல் நெல்லைக் கட்டச் சொன்னால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த வீட்டுப் பெண் உழக்கால் அரிசி அளந்தாலும் மேலே ஒரு கைப்பிடி விழும். இத்தனை வருஷம் அந்தக் கைப்பிடியைத் தின்று வளர்ந்த உடம்புதான் இது.

கார் போன சத்தம் அடங்கியதும் கேட்டேன்.

"வானதி. நீ அறுபதுன்னு சொன்னியே, அது எத்தன?"

"அறுவதுதாங்க."

"வானதி."

இலையைச் சுருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "அறுவத்தஞ்சு இருக்கும். காத்து அடிச்சா அறுவத்தெட்டு வரைக்கும் போவும்."

"எப்பலேர்ந்து?"

"ஒங்களுக்குத் தெரியாமப் போனதுலேர்ந்து."

"மீட்டருல இருக்குறத இருக்குறபடி சொல்றதுக்கு ஒனக்கு என்ன கேடு?"

"வேகம் கொறஞ்சா கல்லு மாதிரி விழுந்துரும்னு நீங்கதானங்க சொன்னீங்க. உள்ளத உள்ளபடி சொன்னா நீங்க அறுவதுக்கு எறக்கிருவீங்க. அதுக்குக் கீழ எவ்வளவு மிச்சம் இருக்கு? அதான் கொஞ்சம் கூடப் போட்டேன்."

"கூடப் போட அது என்ன சோறா?"

கத்திவிட்டேன். ரெத்தினம் வாசல் பக்கம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காதால் கற்றுக்கொண்டதை, அவள் வாய்ச்சொல்லை நம்பி ஒரு சத்தத்தைப் பாடம் பண்ணியதை, ஒரு வருஷத்துக்காக ஏங்கியதை எல்லாம் கொட்டினேன். "நீ மட்டும் ஒழுங்காச் சொல்லியிருந்தா நான் இன்னிக்கு நிஜ அறுபதுல எறக்கியிருப்பேன். அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. பாஸாயிருப்பேன். கெடுத்துட்டியேடி!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் சுவரைப் பார்த்தேன், அவள் முகம் கொஞ்சம் தெரிந்தது. அழவில்லை.

"காதால கத்துக்குறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா?"

நிஜமாகவே யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா இன்னும் கூடப் போட்டிருப்பேன்."

சுருட்டிய இலையைக் கீழே வைத்தாள்.

"ஒவ்வொரு தடவ எறங்கறப்பயும் செத்துப் பொழச்சேன்" என்றாள். "ஒங்களுக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியும். வேணாங்கன்னு சொன்னா நீங்க உக்காந்த எடத்துலயே செத்துருவீங்கன்னும் தெரியும். கண்ணு இல்லாதவர் ஓட்டுற வண்டியில ஏறி உக்காந்தேன். என்னால முடிஞ்சது அந்த அஞ்சு எட்டுதான். அதையும் போடாதன்னா நான் எப்படி ஏறுவேன்?"

அப்போது நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. அவளுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று கேட்டால் எனக்காகத்தான். கண்ணில்லாமலே விமானம் இறக்குகிறவன் என்று எனக்குள் ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தானே, அவன் செத்துப்போனான். அவன் பெருமையெல்லாம் அவள் போட்ட எட்டு நாட். அவன் பரீட்சையில் தோற்றதும் அதே எட்டு நாட். இரண்டையும் பிரித்து யார் மேல் கோபப்படுவது?

பங்குனியில் விமானத்தின் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். திருச்சிப் பக்கம் ஏதோ கல்லூரியில் பிள்ளைகள் பிரித்துப் பார்த்துப் படிப்பதற்காம். இனி அது பறக்காது. கழற்றும்போது நான் பக்கத்தில் நின்று எந்த போல்ட் முதலில், எது அப்புறம் என்று சொன்னேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வானதி புல்தரையில் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டச் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்த ரெத்தினம், குழி வெட்டி முடிக்கும்வரை மேயட்டும் என்று தன் ஆடுகளையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். மண்வெட்டிச் சத்தம் நாளெல்லாம் கேட்கும். அந்தத் தென்னை காய்க்கும்போது எனக்கு அதன் ஓரம்கூடத் தெரியாது. டாக்டர் சொன்னதைவிடச் சீக்கிரமாகவே ஓரங்களும் கரைந்துகொண்டிருக்கின்றன. வானதியைச் சுவரைப் பார்த்தும் இப்போது பார்க்க முடிவதில்லை.

மிச்சமிருப்பதாவது கொஞ்ச நாள் நிற்க வேண்டுமென்றால் சர்க்கரை ஏறக் கூடாது என்கிறார் டாக்டர். தினமும் காலையில் வானதி என் விரலில் ஊசி குத்தி, அந்தச் சின்ன மிஷினில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துச் சொல்லுவாள். இன்றைக்கும் பார்த்தாள். கொஞ்சம் தாமதித்தாள்.

"நூத்தி நாப்பதுங்க. நல்லாத்தான் இருக்கு."

"சரியாப் பாரு."

"நூத்தி நாப்பதுதாங்க."

மறுபடி கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. மிஷினை அவள் கையிலிருந்து வாங்கிக் காதருகே வைத்துக்கொண்டேன். அடுத்த சொட்டு விடச் சொன்னேன். பீப் என்றது. எந்த எண் வந்தாலும் அதற்கு அந்த ஒரே சத்தம்தான்.